இரண்டு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை

மெர்கோங், அலோர் ஸ்டார்
24.4.1981, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பா,

ஈஸ்டர் ஞாயிறன்று நான் சொல்லாமல் வந்தவற்றை எழுதுகிறேன். நேரில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு எழுதினால் அம்மாவுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் இதை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் வழக்கம்போல் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். எழுபத்திரண்டு என்றீர்கள். நல்லாத்தான் இருக்கு என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னீர்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போது நான் சொல்லாதது இது: என் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் இங்கே ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டின்போது அம்மா, ஜூலை மாதத்துக்கான வெள்ளி இதயத்தைப் பாலிங் தட்டாரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னாள். புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் திருவிழாவில் என் பெயரால் அவள் நேர்ச்சையாக வைக்கப்போகும் பதின்மூன்றாவது இதயம். நீங்கள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்று. பிப்ரவரியிலிருந்து நான் ஓடுகிறேன்.

முதலில் ஓட்டத்தைச் சொல்கிறேன், அதுதான் எளிது. என்னோடு அறையில் இருக்கும் பேட்ரிசியாவை உங்களுக்குத் தெரியும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறவள். அவள் காலையில் ஓடுகிறவள். ஒருநாள் வா என்றாள். எனக்கு மூச்சு இழுப்பு, அதோடு இதயமும் பலவீனம், ஓடக்கூடாது என்றேன். அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "இழுப்பு சரி, ராத்திரியில என் காதுலயே விழுது. ஆர்ட் சீக்குன்னு யாருடி பார்த்தா? டாக்டரா?"

அப்பா பார்த்தார் என்றேன். சொல்லும்போதே அது எனக்கு வேறு மாதிரி கேட்டது. நீங்கள் டிரெசர்; மருந்து கொடுப்பீர்கள், ஊசி போடுவீர்கள், ஆனால் டாக்டர் இல்லை. தோட்டத்தில் உங்களுக்கு மேலே வேறு வைத்தியர் கிடையாது என்று வளர்ந்தவள் நான். என்னை ஒரு டாக்டரிடம் நீங்கள் காட்டியதே இல்லை என்பது இருபத்தைந்து வயதில்தான் எனக்குத் தோன்றியது.

முதலில் பேட்ரிசியாவுடன் நடக்க மட்டும்தான் போனேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம். செத்துப்போக மாட்டேனா என்று சோதித்துப் பார்ப்பதுபோல் ஓடினேன் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். அப்படித்தான் ஓடினேன். சாகவில்லை. ஏப்ரலில் தைரியம் வந்து டாக்டரிடம் போனேன். மார்பில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, இதயம் பலவீனம் என்று யார் சொன்னது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

எழுதியது நீங்கள்தான். பள்ளியை விட்டபோது கொடுத்த கோப்பில் அந்தத் தாள் இருக்கிறது. தோட்ட ஆஸ்பத்திரி முத்திரை, உங்கள் கையெழுத்து. 1969 மார்ச்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஸ்டெதாஸ்கோப்பில் நீங்கள் தவறாகக் கேட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் அது யாருக்கும் நடக்கக் கூடியது, இதோடு விட்டுவிடலாம்.

உங்கள் மகள்,
அகத்தா


மரியே வாழ்க

தோட்ட ஆஸ்பத்திரி, பாலிங்
3.5.1981

அன்பு மகள் அகத்தாவுக்கு அப்பா இஞ்ஞாசிமுத்து ஆசீருடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது.

இங்கே ஒரு வாரமாகச் சாயங்கால மழை. காய்ச்சல்காரர்கள் அதிகம். மருதம்மாளுக்கு ரப்பர்ப் பால்வெட்டுக் கத்தி காலில் இறங்கி ஆறு தையல் போட்டேன். ஆறிவருகிறது.

நீ ஓடுவதைப் பற்றி. ஒன்று, இழுப்பு உள்ளவர்கள் குளிர்ந்த காற்றில் வாயால் மூச்சு விடக்கூடாது. இரண்டு, டாக்டர் கொடுத்திருப்பது வாயில் வைத்து அடிக்கும் பம்பு என்றால் அது பழக்கமாகிவிடும் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த டாக்டர் சொல்வார். எபெட்ரின் மாத்திரையைக் கைவசம் வைத்துக்கொள். மூன்று, வெறும் வயிற்றில் ஓடாதே. நான்கு, தனியாக ஓடாதே. ஐந்து, ஓடாமலே இருக்கலாம்.

அறைக்குள் துணி காயப் போடாதே. மெர்கோங்கில் புதுவீடு கட்டுகிற சிமெண்டுத் தூசி இருக்கும், ஜன்னலைச் சாத்து. அம்மா மிளகுப்பொடி அனுப்பச் சொன்னாள், தோட்டத்து ரப்பர் லாரி ஓட்டுகிற அழகேசன் அங்கே வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நான் தவறாகக் கேட்கவில்லை.

அப்பா


மெர்கோங்
15.5.1981

அன்புள்ள அப்பா,

உங்கள் கடைசி வரியைப் பத்து நாளாக வைத்திருக்கிறேன். வேலை நேரத்தில் நூலகத்துப் புத்தகங்களை அடுக்கும்போது அது ஞாபகம் வரும், அடுக்கியதை மறுபடி கலைத்து அடுக்குவேன்.

ஐந்து கட்டளைகளையும் வாசித்தேன். நான்கைக் கடைப்பிடிக்கிறேன். நான் ஓடுவதை நீங்கள் பார்த்தால் அதை ஓட்டம் என்றே சொல்ல மாட்டீர்கள். வாய்க்கால் ஓரச் சாலையில் விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. "மொதல்ல ரெண்டு கம்பம் ஓடு, ரெண்டு கம்பம் நட லா. மூச்சு உன்கிட்ட வர்ற வரைக்கும் காத்திரு" என்பது பேட்ரிசியாவின் பாடம். பிப்ரவரியில் இரண்டாவது கம்பம் வருவதற்குள் கண் இருட்டியது. பள்ளிக்கூடம் போகும் மலாய்ச் சிறுமிகள் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது ஐந்து கம்பம் ஓடி, ஒரு கம்பம் நடக்கிறேன். பம்பைக் கிளம்புவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன் இரண்டு தரம் அடிக்க வேண்டும். டாக்டர் அப்படித்தான் சொன்னார். பழக்கமாகவில்லை.

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன், நீங்கள் டிரெசர் என்பதால் சொல்கிறேன். ஓட்டத்தில் வரும் மூச்சிரைப்பும் இழுப்பும் ஒன்றல்ல. இரைப்பு நின்றால் அடங்கிவிடுகிறது. இழுப்பு நின்ற பிறகுதான் தொடங்குகிறது, ஐந்து நிமிடம் கழித்து, ஓட்டமெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது. முன்பெல்லாம் இரண்டையும் ஒன்றாக நினைத்து, மூச்சு கொஞ்சம் வேகமானாலே உட்கார்ந்துவிடுவேன். எத்தனை இடங்களில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். குனோங் ஜெராய் மலைக்கு வகுப்பே போனபோது நான் அடிவாரத்தில் பஸ்ஸில் இருந்தேன்.

ஆகஸ்ட் 31, சுதந்திர தினத்தன்று இங்கே ஒரு மன்றம் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறது. பெயர் கொடுத்திருக்கிறேன்.

இனி எழுதுவது எளிதல்ல.

மூன்று வருடத்துக்கு முன் யான் ஊரிலிருந்து சில்வெஸ்டர் வீட்டில் என்னைக் கேட்டு வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். இன்னும் படிக்க வேண்டும் என்றேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது பொய், அப்பா. சில்வெஸ்டரை எனக்குப் பிடித்திருந்தது. கோயில் பாடகர் குழுவில் ஒரு வருடம் அவருக்குப் பக்கத்து வரிசையில் நின்றிருக்கிறேன். அவர் எனக்குப் புத்தகங்கள் கொடுப்பார், பக்க ஓரங்களில் பென்சிலால் எதையாவது எழுதியிருப்பார், நான் அதற்குக் கீழே எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ஒரு வைத்தியப் புத்தகத்தில், இதயம் பலவீனமான பெண்கள் பிள்ளை பெறக்கூடாது என்று வாசித்திருந்தேன். பிள்ளை பெற்றால் நான் செத்துவிடுவேன், பெறாவிட்டால் அவர் வாழ்க்கை வீண் என்று, யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டேன்.

போன மாதம் அவர் நூலகத்துக்கு வந்தார். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் கூட வந்தார்கள். குழந்தைக்குப் படப் புத்தகம் எடுத்துக் கொடுத்தேன்.

இதை உங்களைத் தண்டிக்க எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். தெரிந்தே ஏன் எழுதினீர்கள்?

அகத்தா


மரியே வாழ்க

தோட்ட ஆஸ்பத்திரி
24.5.1981

அன்பு மகளுக்கு,

காரணத்தை எழுதுகிறேன். சமாதானம் சொல்வதாக நினைக்காதே.

1969-இல் நீ தமிழ்ப் பள்ளி முடித்து, பாலிங் பள்ளியில் இடைநிலைக்கு முந்தின ரிமூவ் வகுப்பில் சேர்ந்தாய். ஜனவரியிலேயே உனக்கு இழுப்பு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். விளையாட்டு வாத்தியார் அதை வாசித்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடச் சொன்னால் இழுப்பு வரும் என்று வகுப்பின் முன்னால் சொல்லியிருக்கிறார். உன்னைத் திடலைச் சுற்றி ஓட வைத்தார். மூன்றாவது சுற்றில் விழுந்தாய். தோட்டத்து வேனை எடுத்துக்கொண்டு நான் வந்தபோது உன் உதடு நீலமாக இருந்தது. ஊசி போட்டேன்.

இழுப்பு என்றால் நம்பமாட்டார்கள், இதயம் என்றால் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அந்தச் சீட்டை எழுதினேன். மறுநாளிலிருந்து உன்னை யாரும் தொடவில்லை.

அது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். பள்ளி ஆபீசில் எழுதுகிற கிராணி தமிழர். சந்தையில் உன் அம்மாவைப் பார்த்து, டிரெசர் மகளுக்கு ஆர்ட் சீக்காமே என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அது பொய் என்று அவளிடம் சொன்னால் மறுநாள் காலைக்குள் தண்ணீர்க் குழாயடி முழுக்கத் தெரியும், அங்கிருந்து பள்ளிக்கூடம் போக எத்தனை நேரம்? ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவள் அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டுவிட்டாள். வருடம் ஒரு வெள்ளி இதயம், மகள் உயிரோடு இருக்கிற வரைக்கும். நேர்ச்சைக்கு மேல் நான் என்ன சொல்வது?

நீயும் கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இதயம் சரியில்லையா அப்பா என்றாய். கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியாது என்று நினைத்தேன். நீ அதை உண்மையென்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனாய்.

ஓடு. பம்பைப் பற்றி சுங்கை பட்டாணியில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். நல்ல மருந்துதான் என்கிறார். நான் எழுதியது தவறு.

அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. அவள் தாங்கமாட்டாள்.

அப்பா


மெர்கோங்
19.6.1981

அன்புள்ள அப்பா,

அம்மா இங்கே வந்துபோனது உங்களுக்குத் தெரியும். என்ன நடந்தது என்பது தெரிந்திருக்காது.

அழகேசன் அண்ணன் ரப்பர் லாரியில் விடியற்காலை மெர்கோங் வழியாகப் போகும்போது நான் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். நல்ல மனதோடுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பாலிங்கைத் தாண்டித் தனியாகப் போகாத அம்மா இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு நூலகத்துக்குள் வந்து நின்றாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மேசையைச் சுற்றி வந்து என் நெஞ்சில் கையை வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், மெதுவாகத்தான் ஓடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நீ விழுந்து கெடந்தா நான் யார்கிட்டடி போய் நிப்பேன்? இது உன் உசுரு இல்ல. அன்னம்மாகிட்ட வருஷா வருஷம் நான் கேட்டு வாங்கி வச்சிருக்கிற உசுரு."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னால் அது உங்களைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். அவள் நேரே வந்து உங்களைக் கேட்பாள், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பீர்கள். அதை என்னால் செய்ய முடியவில்லை.

ஜெபமாலையை என் கையில் வைத்துச் சத்தியம் கேட்டாள். இனி ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் போனதும் பேட்ரிசியா என் சப்பாத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சத்தியம் வாங்குவதில் உன் அம்மா போலீஸை விட மோசம் என்றாள். நான் சிரிக்கவில்லை என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பது நாளாக ஓடவில்லை. ஒன்பது நாளில் என்ன போய்விடும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும் என்ன போகும் என்று. மறுபடி மாடிப்படி ஏறும்போது நின்று நெஞ்சைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

அம்மா தாங்கமாட்டாள் என்று எழுதினீர்கள். இப்போது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படி எழுதமாட்டீர்கள். பன்னிரண்டு வருடமாக மகள் எந்த நாளும் சாகலாம் என்று நினைத்துக்கொண்டு சோறு பொங்குகிறாள்.

ஜூலை 26-இல் திருவிழா. அந்தப் பதின்மூன்றாவது இதயத்தை அவள் வைப்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிட வேண்டும். சத்தியத்தை மீறி நான் ஓடமாட்டேன். அவள் திருப்பிக் கொடுத்தால்தான் ஓடுவேன். அவள் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் நீங்கள் சொல்ல வேண்டும். இதைத் தவிர உங்களிடம் எனக்குக் கேட்க எதுவுமில்லை.

அகத்தா


தோட்ட ஆஸ்பத்திரி
5.7.1981

மகளுக்கு,

மூன்று தடவை முயன்றேன்.

முதல் தடவை, சாப்பிடும்போது. உன் அம்மா மீன்காரன் ஏமாற்றிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன், அவள் முடிக்கவில்லை. இரண்டாவது தடவை, நான் தொண்டையைக் கனைத்ததும் சளி பிடித்திருக்கிறது என்று கஷாயம் வைத்துவிட்டாள். குடித்தேன். மூன்றாவது, இன்று பூசை முடிந்து வரும் வழியில். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி கூடவே நடந்து வந்தாள்.

முப்பது வருடமாக ஊசி போடுகிறேன். பயப்படுகிறவர்களை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போட்டுவிடுவேன். அப்படி எனக்குச் சொல்ல ஆளில்லை.

நான் பயப்படுவது அவள் அழுவதற்காக மட்டும் இல்லை. இங்கே எல்லாரும் என் சொல்லை நம்பித்தான் மாத்திரை விழுங்குகிறார்கள். இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அப்பா


மெர்கோங்
10.7.1981

அன்புள்ள அப்பா,

கஷாயத்தைப் படித்துச் சிரித்தேன். வெகுநாளுக்குப் பிறகு.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதைச் சின்னதென்று நான் சொல்லமாட்டேன். சின்ன வயதில் உங்கள் மேசைக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். வந்தவர்கள் உங்கள் முன்னால் நாக்கை நீட்டுவதை, சட்டையைத் தூக்குவதை, யாரிடமும் சொல்லாததைச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எனக்குக் குடையாகப் பிடித்தீர்கள். அந்தத் திடலில் அன்று எனக்குக் குடை வேண்டியிருந்தது. நீங்கள் செய்தது அன்பில்லாமல் செய்தது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

அகத்தா


மரியே வாழ்க

தோட்ட ஆஸ்பத்திரி
30.7.1981

அன்பு மகள் அகத்தாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் சொல்லலாம் என்று இருந்தேன். நாற்பது பேர், வழியெல்லாம் பாட்டு. புக்கிட் மெர்தாஜம் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி, நல்ல வெயில். நேர்ச்சை வைக்கிற வரிசை நீளமாக இருந்தது. உன் அம்மா இதயத்தைக் கைக்குட்டையில் முடிந்து கையில் வைத்திருந்தாள். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்கள் குறையக் குறைய நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசியில் நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்து இல்லை.

"அகத்தாவுக்கு ஆர்ட் சீக்கு இல்ல. எப்பவுமே இல்ல. நான்தான் பொய்யா எழுதினேன்."

அவள் எந்த வருஷம் என்று கேட்டாள். அறுபத்தொன்பது என்றேன். அவள் நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்து, பீடத்தருகே போய், முடிச்சை அவிழ்த்து இதயத்தை வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள். நெடுநேரம். திரும்பி வந்து என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னாள்: "இந்த வருஷத்தது உங்களுக்கு வச்சிட்டேன்."

அதற்குப் பிறகு மூன்று நாள் நேரத்துக்குச் சோறு வைத்தாள். கூப்பிடாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

குழாயடியில் நான் பயந்தபடியே ஆயிற்று. சொன்னது வேறு யாருமில்லை, அவளே. எம் மகளுக்கு ஒண்ணுமில்ல, இந்த மனுஷன் செஞ்ச வேலை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை செல்லாயி தன் மாத்திரையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டி, "இது நெசமாவே பிரஷருக்குத்தானா டிரெசரே?" என்று கேட்டாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புட்டியை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். சிலர் இனி பாலிங் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போவதாகச் சொல்கிறார்களாம். போகட்டும். அது அவர்கள் உரிமை.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தாள். அந்தப் பம்பு எப்படி இருக்கும் என்று கேட்டாள். சுங்கை பட்டாணி டாக்டர் கொடுத்த ஒன்று என்னிடம் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அமுக்கிப் பார்த்தாள். அகத்தா ஓடட்டும், நான் வாங்கின சத்தியத்தை நானே எடுத்துக்கிட்டேன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

சில்வெஸ்டரைப் பற்றி நீ எழுதியதற்கு இதுவரை நான் பதில் எழுதவில்லை. அதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது உன்னுடையது. அதைக் கெடுத்தவன் என்ற முறையில் அதை நினைத்துக்கொண்டிருக்க மட்டும் எனக்கு உரிமை உண்டு. நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை மன்னித்துக்கொள்.

அப்பா


மெர்கோங்
4.9.1981

அன்புள்ள அப்பா,

ஓட்டத்தன்று உங்களுக்கு விடுப்புக் கிடைக்காததால் நடந்ததை எழுதுகிறேன். அம்மா தன் பங்கைச் சொல்லியிருப்பாள். அதில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜூலைக் கடிதம் கிடைத்த மறுநாளே சப்பாத்தை எடுத்தேன். ஆனால் ஏழு வாரம் போய்விட்டிருந்தது. உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. மறுபடி இரண்டு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடையிலிருந்து தொடங்கினேன். நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் உடனே போகவில்லை. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் தொடவில்லை என்பது மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

அம்மா முந்தின நாளே வந்துவிட்டாள். ஒரு ஃபிளாஸ்க் சுக்குத்தண்ணீர், துண்டு, தேங்காய் எண்ணெய், மாற்று உடை இரண்டு. பேட்ரிசியா இது ஓட்டமா பிரசவமா என்று கேட்டாள். அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் என் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பற்றி நான் இல்லாததுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஏழரைக்குக் கொடி அசைத்தார்கள். நூற்றறுபத்தொரு பேர். முதல் வளைவிலேயே ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டார்கள், பேட்ரிசியாவையும் போகச் சொல்லிவிட்டேன். பின்னால் ஓடுவது எனக்குப் பழக்கம்தான். மூன்று கிலோமீட்டர்வரை நன்றாகப் போனது. ஐந்தாவதில் வயலில் வைக்கோல் கொளுத்தியிருந்தார்கள். புகை சாலையின் குறுக்கே வந்தது. நின்றேன். இரைப்பு அல்ல, இழுப்புதான் என்று தெரிந்தது. பம்பை அடித்துவிட்டுக் கல்வெர்ட்டுச் சிறுபாலத்தின் சுவரில் உட்கார்ந்தேன். மன்றத்துப் பையைத் தோளில் மாட்டியிருந்த ஒரு மலாய் அக்கா வந்து வண்டி கூப்பிடட்டுமா என்று கேட்டார். எனக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடம் என்றேன். அவர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். புகை கலைந்ததும் எழுந்து நடந்தேன். பிறகு ஓடினேன்.

முடிவுக் கோட்டில் கயிற்றைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எம் பொண்ணு வரல என்று அவர்களிடம் தமிழிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் அவள் அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "பேசாத. மொதல்ல மூச்சு விடு" என்றாள். ஐந்து நிமிடம் என் பக்கத்தில் நின்றாள். பேட்ரிசியா சொல்லிக் கொடுத்திருக்கிறாள், முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு துண்டைக் கொடுத்தாள்.

ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். நூற்றைம்பத்தெட்டாவது இடம். எனக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

நீங்கள் கேட்ட மன்னிப்பைப் பற்றி எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். உங்களைப்போலவே எனக்கும் வரவில்லை. உங்கள்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், பெரும்பாலும் இல்லை. சில்வெஸ்டரை நினைக்கும்போது கொஞ்சம் இருக்கிறது. அது குறையலாம், குறையாமலும் இருக்கலாம். இரண்டும் தெரிந்துதான் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா பஸ் ஏறினாள், நான் வேலைக்குப் போனேன். புதன்கிழமை மறுபடி புகை வந்து, இழுப்பு வந்தது. இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்திருந்தேன். இன்று காலை எழுந்து வாய்க்கால்வரை நடந்தேன். ஓடவில்லை.

அகத்தா